நம் ஊருக்குப் படிக்க வந்தவர்கள்

சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்களின் கதையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கப்பல் ஏறும் முன் தாயாரிடம் செய்துகொடுத்த சத்தியம், அங்கே போய் இறங்கியதும் பட்ட குளிர், உப்பும் புளியும் காரமும் இல்லாத சாப்பாடு, அறை தேடித் தெருத் தெருவாக அலைந்த அலைச்சல் – இவையெல்லாம் பாட்டி கதைகளைப் போல நமக்குப் பழகிப் போனவை. இக்காலத்தில் ஆகாய விமானம் ஏறிப் போகிற பிள்ளைகளும் பெண்களும் அதே கதையைத்தான் அன்றாடம் கைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நம் ஊருக்குப் படிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தாயார் உண்டு. அந்தத் தாயாருக்கும் இம்மாதிரி ஒரு கதை போய்ச் சேருகிறது. அந்தக் கதையில் நாம் எப்பேர்ப்பட்ட பாத்திரமாக வருகிறோம்? இந்த வாரம் நேயர்களுடன் சேர்ந்து யோசிக்க விரும்புவது இதைத்தான்.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் பெருஞ்சாலையில் இருக்கிறது பள்ளிக்கரணை. ஊரின் பெயரைச் சொன்னதும் சதுப்பு நிலமும், அங்கே வந்து இறங்கும் பறவைகளும் பலருக்கு நினைவு வரும். 2022-ம் வருஷத்தில் அந்தச் சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களின் ஜாபிதாவில் சேர்ந்தது. பனிக்காலத்தில் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வாத்து வகைகளும் பிறவும் அங்கே வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவும் கையுமாகச் சாலை ஓரத்தில் நின்று அவற்றைப் பார்த்து மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான்.

அதே சாலையில், கடல் கடந்து வந்த மனிதர்களும் இருக்கிறார்கள். 1998-ம் வருஷத்தில் காற்றாலைத் தொழில் நுட்பத்துக்கென்று ஏற்பட்ட மத்திய சர்க்கார் ஸ்தாபனம், இன்று தேசிய காற்று சக்தி நிறுவனம் என்ற பெயருடன் பள்ளிக்கரணையில் நடந்து வருகிறது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து என்ஜினீயர்களும் உத்தியோகஸ்தர்களும் அங்கே வந்து, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். 1964-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் ஆரம்பித்த 'ஐடெக்' என்னும் தொழில் நுட்பக் கூட்டுறவுத் திட்டத்தின் கீழ் வருகிறவர்கள் அவர்களில் பலர். அவர்கள் சில வாரங்கள் தங்குகிற விருந்தாளிகள். தென்சென்னைப் புறநகர்க் கல்லூரிகளில் மூன்று வருஷம், நான்கு வருஷம் படிக்க வருகிற வாலிபர்களோ, நம் தெருவிலேயே குடியிருக்கிற அண்டை வீட்டார்.

தேசம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், 2020–21-ம் கல்வி வருஷத்தில் இந்தியாவில் உயர்தரக் கல்வி கற்ற வெளிநாட்டு மாணாக்கர் சுமார் 48,000 பேர். அவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் நேபாளத்தார். ஆப்கானிஸ்தானம், வங்காள தேசம், பூட்டான், சூடான் முதலிய நாடுகளிலிருந்தும் பலர் வந்திருந்தார்கள். நம் நாட்டிலிருந்து அயல் நாடுகளுக்குப் படிக்கப் போகிறவர்கள் பல லட்சம். அதோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை சொற்பந்தான். சொற்பமாக இருப்பதனாலேயே அவர்கள் தனித்து நிற்கிறார்கள். பத்து வீடு தள்ளி நின்றாலும் எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள்.

கடல் கடந்து வந்து இந்த நகரத்தின் படிப்பை நாடுவது இன்று ஏற்பட்ட புது வழக்கமும் அல்ல. சென்னைச் சர்வகலாசாலை 1857-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் முதல் பி. ஏ. பட்டதாரிகள் இருவர். அவ்விருவருமே யாழ்ப்பாணத்தார்! ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றொருவர் விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளை பிற்பாடு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்து, தமிழ் உள்ளளவும் நாம் நன்றி செலுத்தக்கூடிய தொண்டைச் செய்தார். அயலூரிலிருந்து வந்த ஒரு மாணாக்கரை ஏற்றுக்கொண்டதனால் நம் சர்வகலாசாலைக்கும் தமிழுக்கும் விளைந்த லாபத்தைக் கணக்கிட முடியுமா?

* * *

புது நாட்டில் படிக்கப் போகிறவனுக்குப் பாடம் கடினமாக இருப்பதில்லை. பாடத்துக்கு வெளியே உள்ளவைதான் கடினமாக இருக்கின்றன. இதற்கு மகாத்மா காந்தியின் வரலாற்றைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. 1888-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 4-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது பதினெட்டு. லண்டனில் அவரைச் சந்தித்த டாக்டர் பிராணஜீவன் மேத்தா, முதல் நாளே சில உபதேசங்கள் செய்தார். பிறர் பொருளைத் தொடாதே, முதன்முதலில் சந்திக்கிறவரிடம் நம் ஊரில் கேட்பதுபோல் கேள்விகள் கேட்காதே, உரக்கப் பேசாதே, எதிரில் இருப்பவரை 'ஸார்' என்று அழைக்காதே, வேலைக்காரர்கள்தான் எஜமானர்களை அப்படி அழைப்பார்கள் என்பவை அவ்வுபதேசங்கள். ஹோட்டலில் தங்குவதில் பயனில்லை, ஒரு குடும்பத்தோடு வசித்தால்தான் அந்நாட்டு வாழ்க்கை புரியும் என்றும் அவர் சொன்னார்.

இந்த உபதேசங்களை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளிக்கரணைக்கு வருகிற மாணவனுக்கு வேண்டிய உபதேசங்களாகிவிடும்! இங்கே ஆசிரியரை 'ஸார்' என்றுதான் அழைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வகுப்பே திடுக்கிடும். முதன்முதலாகச் சந்திக்கிறவர் 'எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று வரிசையாகக் கேட்பார். அது துப்பறிவது அல்ல, அன்பின் முதற்படி. தெருவில் இரண்டு பேர் உரக்கப் பேசினால் சண்டை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவர்கள் க்ஷேமம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் சில சங்கடங்கள் உண்டு. 'சாப்பிட்டாச்சா?' என்று அடுத்த வீட்டு அம்மாள் கேட்கிறாள். 'இல்லை' என்று உண்மையைச் சொல்லிவிட்டு, இலை போடுவார்கள் என்று காத்திருக்கிறான் அயல்நாட்டுப் பிள்ளை. அது ஒரு குசலப் பிரச்னம் என்று அவனுக்கு யார் சொல்வது? விடைபெறும்போது நண்பன் 'வரேன்' என்கிறான். போகிறவன் 'வருகிறேன்' என்று சொன்னால், அவன் அரை மணியில் திரும்பி வருவான் என்றுதானே புது மனிதனுக்குத் தோன்றும்? போகிறேன் என்று சொல்வது அமங்கலம் என்ற நம் எண்ணம் எந்த அகராதியிலும் இல்லை. தலையை இரு பக்கமும் அசைத்துச் சம்மதம் தெரிவிக்கிறோமே, அதன் பொருளைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மாதம் ஆகும்.

பாஷை விஷயம் அதைவிட வேடிக்கை. இந்தியாவுக்குப் போகிறோம் என்று சினிமாப் பார்த்துச் சில ஹிந்தி வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு வந்திருப்பான். மேடவாக்கம் பஸ்ஸில் அவற்றைப் பிரயோகித்துப் பார்ப்பான். கண்டக்டர் தமிழிலேயே பதில் சொல்வார். சரி, தமிழே கற்போம் என்று புஸ்தகம் வாங்கினால் அதில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று இருக்கும். தெருவில் கேட்பதோ 'வந்துக்கிட்டிருக்கேன்'. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ் என்பது நமக்குப் பிறவியிலேயே தெரிந்துவிடுகிறது. வந்தவனோ ஒரு பாஷை என்று நினைத்து இரண்டு பாஷை கற்க வேண்டியவனாகிறான்.

* * *

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயங்கள் இவை. சிரிக்க முடியாதவையும் உண்டு.

கணித மேதை ராமானுஜன் 1914-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி சென்னையில் கப்பல் ஏறிக் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே முதலில் சில வாரங்கள் பேராசிரியர் நெவில் என்பவரின் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிடி கல்லூரி விடுதி அறைக்குப் போனார். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனார். ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, மேலங்கியைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். மஹலநோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன. அவற்றை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றைப் பிரித்து உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்!

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது யாருக்குத்தான் நெஞ்சு உருகாது? அங்கே ஒருவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. கம்பளி கொடுக்காமல் இருக்கவில்லை; கொடுத்திருந்தார்கள். 'இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று எண்ணி, எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டார்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்று அவரும் கேட்கவில்லை போலும். புதிதாக வந்தவனின் கஷ்டங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு மௌனங்களுக்கு நடுவில்தான் உண்டாகின்றன.

பள்ளிக்கரணையில் குளிர் இல்லை, மழை இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காலேஜில் சேருகிற அயல்நாட்டு மாணவன், 'இந்த ஊரில் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை' என்று வீட்டுக்கு எழுதிவிடுகிறான். அக்டோபரில் வடகிழக்குப் பருவ மழை பிடிக்கிறது. நகரின் தென்புறத்து ஏரிகள் பலவற்றின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். சதுப்பு நிலத்தின் பெரும் பகுதியைக் கட்டடங்களும் குப்பை மேடும் விழுங்கிவிட்டபடியால் தண்ணீர் போக வழி தேடித் தெருவுக்குள் வருகிறது. 2015-லும் 2023-லும் டிசம்பர் மாதத்தில் இந்தப் பக்கத்து மக்கள் பட்ட பாடு நேயர்களுக்கு நினைவிருக்கும். தரைமட்டத்து அறை வாடகை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்ட வெளியூரானுக்கு, அது ஏன் குறைவு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? பாஸ்போர்ட்டையும் சர்ட்டிபிகேட்டுகளையும் உறையில் கட்டி உயரமான இடத்தில் வை, நாலு நாளைக்குக் குடிதண்ணீர் சேகரித்து வை, மின்சாரம் நின்றால் இன்னாரிடம் போ என்று ஐப்பசி பிறந்ததும் சொல்லி வைப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். கம்பளியைப் பிரித்துக் காட்டுகிற காரியம் இதுதான்.

* * *

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அது வீடு.

'கறுப்பர்களுக்கு இடமில்லை' என்ற பலகை தொங்கிய வீடுகளைப் பற்றி, இங்கிலாந்துக்குப் போய் வந்த நம்மவர்கள் எவ்வளவு மனம் கொதித்துச் சொல்லியிருக்கிறார்கள்! தென்னாப்பிரிக்காவில் 1893-ம் வருஷம் முதல் வகுப்பு டிக்கெட்டு வைத்திருந்த காந்திஜியை மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டதை நம் குழந்தைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். நம் சுதந்திரப் போராட்டத்துக்கு ஊற்றுக்கண்ணாக இருந்தவற்றில் அந்த அவமானமும் ஒன்று. அப்படியிருக்க, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிள்ளை வீடு கேட்டால் 'காலி இல்லை' என்கிறோம். அடுத்த நிமிஷம் வேறொருவருக்குச் சாவியைக் கொடுக்கிறோம். பலகை தொங்கவிடவில்லை என்பதுதான் நமக்கும் அந்த லண்டன் வீட்டுக்காரிக்கும் உள்ள வித்தியாசம்.

2016-ல் பெங்களூரில் டான்ஸானியா தேசத்து மாணவி ஒருத்தியை ஒரு கும்பல் தாக்கியது. 2017-ல் டில்லிக்கு அருகில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை அடித்தார்கள். யாரோ செய்த குற்றத்துக்கோ, யாரோ கிளப்பிய வதந்திக்கோ, நிறத்தைப் பார்த்து எதிரில் அகப்பட்டவர்களைத் தண்டித்தார்கள். வெளியூரில் நடந்தது, நமக்கென்ன என்று இருக்கலாகாது. கும்பல் ஒரே நாளில் உண்டாவதில்லை. 'அவர்களுக்கு வீடு கொடுக்காதே' என்று சாதுவாகச் சொல்கிற நூறு நல்ல மனிதர்கள் இருக்கும் இடத்தில்தான் கல்லெடுக்கிற பத்துக் கெட்ட மனிதர்களுக்குத் தைரியம் வருகிறது.

வீட்டுக்காரர்கள் பயப்படுவதற்கும் காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. போலீஸ் விவகாரம் வருமோ என்ற பயம் பெரிது. ஆனால் சட்டம் அவ்வளவு கடினமானதல்ல. அயல்நாட்டாரை வீட்டில் குடிவைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டார் பதிவு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வரும் மாணவர் பொதுவாக 14 நாளுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் இணையத்திலேயே செய்துவிடலாம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்துகொண்டால் இரு சாராருக்கும் நல்லது. தமிழ்நாட்டின் 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஏற்பாடு செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நம் நகரத்துப் பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்தை அயல்நாட்டுப் பிள்ளை கேட்டு மயங்கி விழாதிருந்தால் ஆச்சரியம்! தெரியாதவன் என்பதற்காக அவனிடம் இன்னும் இரண்டு மாதம் கூட்டிக் கேட்பது நம் ஊர்ப் பெயருக்கே இழுக்கு.

மற்றச் சங்கடங்கள் பேசித் தீர்க்கக்கூடியவை. இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டப்படும், மாமிசம் சமைக்கலாமா கூடாதா, நண்பர்கள் வந்தால் எவ்வளவு நேரம் இருக்கலாம் – இவற்றை முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு, மீறிய பிறகு 'இந்த ஜனங்களே இப்படித்தான்' என்று சொல்வது நியாயமாகாது. ஒருவன் இரவில் உரக்கப் பாட்டு வைத்தால் அது அந்த ஒருவன் செய்த தப்பிதம். நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யாததா? அதை ஒரு கண்டத்தின் மீது ஏற்றலாமா?

வந்திருக்கும் மாணாக்கருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நாட்டவரோடு மட்டும் அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். ஊர்ச் சோறும் ஊர்ப் பேச்சும் மனத்துக்கு ஆறுதல்தான்; ஆனால் மூன்று வருஷமும் அதிலேயே கழிந்தால், வந்தது எதற்கு? வாரத்துக்குப் பத்துத் தமிழ் வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரரை 'அண்ணா' என்றும், வீட்டுக்கார அம்மாளை 'அம்மா' என்றும் அழைத்துப் பாருங்கள். சர்க்கார் முத்திரை வைத்த எந்தக் கடிதத்துக்கும் இல்லாத சக்தி அந்தச் சொற்களுக்கு உண்டு. சாம்பாரின் காரம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். பாடம் புரியாவிட்டால் ஆசிரியரைத் தனியே போய்க் கேளுங்கள். உடம்பு சரியில்லை என்றால், அல்லது மனசே சரியில்லை என்றால், மூடி வைக்காமல் விடுதி அதிகாரியிடமோ நண்பரிடமோ சொல்லுங்கள். ராமானுஜனைப் போல் கம்பளியின் மேல் படுத்துக் குளிரில் நடுங்க வேண்டாம்.

நம் தேசம் 1950-ம் வருஷத்திலேயே, மௌலானா ஆஸாத் அவர்களின் முயற்சியால், கலாசார உறவுகளுக்கென்று ஒரு மன்றத்தை ஏற்படுத்தி, அயல்நாட்டு மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து அழைக்கத் தொடங்கிற்று. புதிதாக விடுதலை பெற்ற தேசம், தன்னிடம் இருந்த கொஞ்சத்தைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்ள நினைத்தது பெருமைப்படத்தக்க காரியம். ஆனால் அழைப்புக் கடிதம் அனுப்புவது சர்க்காரின் வேலை. வந்தவனை 'வா' என்று சொல்வது நம் தெருவின் வேலை. நாலு வருஷம் கழித்து ஊர் திரும்பி, அங்கே என்ஜினீயராகவோ வைத்தியராகவோ மந்திரியாகவோ ஆகப் போகிறவர்கள் இவர்கள். இந்தியா என்றால் அவர்களுக்கு நினைவு வரப்போவது பார்லிமெண்டுக் கட்டடம் அல்ல. குடியிருந்த வீடும் அந்த வீட்டாரின் முகமுந்தான்.

லண்டனில் காந்திஜி குடியிருந்த வீடு ஒன்றில், அவர் வயிறு நிறையாமல் இருந்ததையும், இன்னும் வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்காரியின் பெண்கள் இருவரும் அன்புடன் ரொட்டித் துண்டு ஒன்றிரண்டு அதிகமாக வைப்பார்களாம். முழு ரொட்டி இருந்தால்தான் அவர் பசி தீரும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆயினும் கொடுத்த அந்தத் துண்டுகளை அவர் பல வருஷங்களுக்குப் பின்னும் மறக்கவில்லை.

பள்ளிக்கரணையிலும் மேடவாக்கத்திலும் தாம்பரத்திலும் உள்ள நம் சகோதரிமார்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்றே. இந்தத் தீபாவளிக்கு மாடி அறையில் அயல்தேசத்துப் பிள்ளையோ பெண்ணோ இருந்தால், பக்ஷணத் தட்டை மேலே அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே கூப்பிட்டு உட்கார வைத்துத் தோசை போடுங்கள். போதும் என்று சொன்னாலும் இன்னும் ஒன்று போடுங்கள். கேட்க அவர்களுக்கு வெட்கமாக இருக்கும்.